தண்ணீர் குடித்த காரும் வாய் திறக்காத நானும்

போன சனிக்கிழமை சாயங்காலம். டில்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடி சொசைட்டிக்குப் பின்னால் கூடும் வாரச் சந்தையில் நின்று முலாம்பழத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் - "அக்கா!"

டில்லிச் சந்தையில் தமிழில் அக்கா என்று யாராவது கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க முடியுமா? திரும்பினேன்.

கண்ணாடி போட்ட ஓர் இளைஞர். பக்கத்தில் அவர் மனைவி. ஏழாவது மாதமோ எட்டாவது மாதமோ... துப்பட்டாவை மீறி வயிறு தெரிந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்கதானேக்கா அந்தப் பத்தி எழுதறவங்க? போட்டோல பாத்திருக்கேன். நான் இம்ரான். ஊரு வாணியம்பாடி, வேலை குருகிராம்ல. இது என் வொய்ஃப் ஷாஹினா. உங்க கார் கட்டுரையைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்க்கா!"

நான் முலாம்பழத்தை இன்னொரு தடவை மோந்து பார்த்தேன்.

"நான் பொறந்து வளந்ததே இங்கதான் ஆன்ட்டி. தமிழ் படிக்க வராது" என்றார் ஷாஹினா. "இவர்தான் சத்தமாப் படிச்சுக் காட்டினார். மத்லப்... அதாவது, அவ்ளோ கான்ஃபிடன்ஸ் வந்துச்சு. நாங்களும் அதே கடையில டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டோம். அதே மாடல்! கல்கோ டெலிவரி. நாளைக்கு."

"நான் கடைப் பேரே எழுதலையேப்பா?"

"மெட்ரோ தூண், எதிர்ல கச்சோரிக் கடை, டாக்டர் ஓட்டின வண்டின்னெல்லாம் எழுதியிருந்தீங்களே... அதை வெச்சே கண்டுபிடிச்சிட்டோம். உள்ள போனதும் கன்ஃபர்மே ஆயிடுச்சு!" இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

பிறகு இம்ரான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"கார் எப்படிக்கா ஓடுது?"

எவ்வளவு சுலபமான கேள்வி! எவ்வளவு சுலபமாக ஓர் உண்மையைச் சொல்லியிருக்கலாம்! நான் அந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பல் தெரியச் சிரித்து, சொன்னேன் -

"சூப்பரா ஓடுதுப்பா. நல்ல கார்."

முலாம்பழத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இதை எழுதும்போதும் காது சூடாகிறது. ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கோடையின் தொடக்கத்தில் இதே பக்கத்தில் நான் எழுதியது உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நினைவில்லை என்றால் ரொம்ப நல்லது, தேடிப் படிக்க வேண்டாம். பழைய எஸ்யூவி ஒன்றை எவ்வளவு சாமர்த்தியமாக வாங்கினேன் என்று பக்கம் முழுக்க அளந்திருந்தேன். டில்லியில் டீசல் வண்டிக்குச் சட்டப்படி ஆயுசு குறைவு, ஆகவே பெட்ரோல்தான் வாங்க வேண்டும். ஒரே ஓனர் வண்டியாக இருக்க வேண்டும். வாரன்ட்டி கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரரிடம் கறாராகப் பேச வேண்டும்... பெண்கள் கார் வாங்கினால் ஏமாந்துவிடுவார்கள் என்று சொல்பவர்களுக்கு ஒரு குத்து வேறு. வாசகர்கள் பாராட்டி எழுதினார்கள். சிலர் ஆலோசனை கேட்டார்கள். நானும் கூச்சமே இல்லாமல் பதில் போட்டேன்.

எதற்காக எஸ்யூவி? எங்களுடைய சின்ன காரை டில்லிச் சாலை மதிப்பதே இல்லை. ஹார்ன் அடித்தால் சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். சொசைட்டியின் பேஸ்மென்ட்டில் இருபுறமும் யானைகள் நிற்க, நடுவில் எங்கள் கார் மட்டும் யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ் மாதிரி நிற்கும். தேவை பாதி என்றால் வீம்பு பாதி.

மேற்கு டில்லியில், மெட்ரோ தூண்களை ஒட்டி வரிசையாகப் பழைய கார்க் கடைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் பண்ட்டி என்பவரைப் பிடித்தோம். பிடித்தோம் என்றா சொன்னேன்? அவர்தான் எங்களைப் பிடித்தார். மினுமினுக்கும் ஷூ, தேன் ஒழுகும் பேச்சு.

"காடி ஏக்தம் மக்கன் ஹை, மேடம் ஜி! வெண்ணெய்! ஒரு டாக்டர் வெச்சிருந்த வண்டி. வீடு, கிளினிக்... வீடு, கிளினிக்... அவ்வளவுதான் ஓடியிருக்கு."

டில்லியில் விற்பனைக்கு வரும் பழைய கார்களை எல்லாம் டாக்டர்கள்தான் ஓட்டியிருக்கிறார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்படியானால் இந்த ஊர் நோயாளிகளை யார் பார்க்கிறார்கள்?

நான் டயரைக் காலால் தட்டினேன். பானட்டைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாம் புரிந்தவள் மாதிரி "ம்ம்" என்றேன். என் கணவர் சேகர் மெதுவாக, "தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணலாமே?" என்றார். அவர் ஏர்போர்ட்டில் வேலை பார்ப்பவர். எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற புத்தி.

"நான்தான் பாத்தாச்சே!" என்றேன். பண்ட்டி எதிரில் நின்றதால் கொஞ்சம் சத்தமாகவே.

ஒரு வருட வாரன்ட்டி என்றார் பண்ட்டி. பளபளவென்று ஒரு புத்தகம் கொடுத்தார். வாரன்ட்டி என்ற சொல்லுக்கு என்ன ஒரு மயக்கம் பாருங்கள்! அது காதில் விழுந்ததும் மனசு காலை நீட்டிப் படுத்துவிடுகிறது. புத்தகத்தை நான் திறக்கவே இல்லை.

முதல் சில நாள்கள் சொர்க்கம். ரிக்‌ஷாக்காரர்கள் ஒதுங்கினார்கள்.

பிறகு ஏசியில் ஒரு வாசனை. கடையில் எலுமிச்சை ஸ்ப்ரே அடித்துக் கொடுத்திருந்தார்கள், அது தீர்ந்ததும் அடியிலிருந்து இன்னொன்று எழுந்தது. ஊறவைத்து மறந்துபோன துணி மாதிரி. பழத்தை மோந்து பார்த்து வாங்குகிறவள் காரை மோந்து பார்க்கவில்லையே! அடுத்து, பின் ஜன்னல் ஒன்று தானாகவே இறங்க ஆரம்பித்தது. அப்புறம் டேஷ்போர்டு விளக்குகள்... மஞ்சளும் சிவப்புமாக ஒவ்வொன்றாக எரிந்து, ஒருநாள் கார்த்திகை தீபமே ஏற்றிவிட்டது. இடது பக்கம் ஸ்டியரிங்கை ஒடித்தால் ஹார்ன் தானாக அடிக்கும். எங்கள் சொசைட்டி கேட்டில் இடது பக்கம்தான் திரும்ப வேண்டும். நான் வீட்டுக்கு வருவது ஏழாவது மாடி வரை கேட்டது.

சேகர் டூட்டியில் இருந்த ஒரு நாளில், காரைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கையில் டேப்லெட்டோடு வந்த சர்வீஸ் அட்வைசர் எந்த மீட்டரையும் மாட்டவில்லை. டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து மெதுவாக, அது முடிகிற வரைக்கும், இழுத்தார். சாதாரணமாக வெளியே வராத அந்தக் கடைசிப் பகுதியில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே எல்லாம் மங்கல்.

"வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது மேடம். சீட் உயரத்துக்கு."

போன மழைக்காலத்தில் எந்த அண்டர்பாஸில் மிதந்ததோ! மிதந்த காரைத் துடைத்து, காயவைத்து, சீட் உறை மாற்றி, வாசனை அடித்து, ஒரு டாக்டரை ஓனராக்கி... என் தலையில் கட்டிவிட்டார்கள்.

"வாரன்ட்டி இருக்கே?" என்றேன்.

அவர் பாவமாகப் பார்த்தார். "அது எங்கள் கம்பெனி வாரன்ட்டி இல்லை மேடம். கடைக்காரர் யாரோ வேறு ஒரு கம்பெனியிடம் எடுத்துக் கொடுத்தது. அவர்களைத்தான் கேட்க வேண்டும்."

அங்கேயே உட்கார்ந்து அந்தப் பளபளப் புத்தகத்தை முதன்முறையாகத் திறந்தேன். எஞ்சினுக்கு உள்ளே இருப்பது, கியர்பாக்ஸுக்கு உள்ளே இருப்பது - இதற்கு வாரன்ட்டி உண்டு. அது அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மீதிப் புத்தகம் முழுக்க எதற்கெல்லாம் கிடையாது என்றுதான் எழுதியிருந்தார்கள்! கிளட்ச்சா? அது தேய்மானம். சஸ்பென்ஷனும் பிரேக்கும் அப்படியே. பேட்டரி கிடையாது. ஒயரிங் கிடையாது. விற்பதற்கு முன்பே இருந்த கோளாறு எதுவும் கிடையாது. தண்ணீர் புகுந்தால் எதற்குமே கிடையாது. வாரன்ட்டி கம்பெனியின் நம்பருக்குப் போன் செய்தேன். ஒரு பெண் குரல், ரொம்பவும் மரியாதையாக, அதே பக்கத்தைப் படித்துக் காட்டிவிட்டு, "வேறு ஏதாவது உதவி வேண்டுமா மேடம்?" என்றது.

அந்த நிமிடம் நான் என்ன செய்திருக்க வேண்டும்? நேரே பண்ட்டியின் கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். சேகரிடம் சொல்லியிருக்க வேண்டும். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவது எப்படி என்று விசாரித்திருக்க வேண்டும்.

நான் எலுமிச்சை ஸ்ப்ரே வாங்கினேன்.

ஆமாம். அதே வாசனை. பண்ட்டி எனக்குச் செய்ததை நான் என் வீட்டுக்காரருக்குச் செய்தேன். ஜன்னல் இறங்கியபோது "காத்து வரட்டும்னு நான்தான் இறக்கினேன்" என்றேன்... ஜூன் மாத டில்லியின் அனல் காற்றில்! ஹார்னுக்குப் பயந்து, காரை மெட்ரோ ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்றேன். எனக்கும் ஒரு டாக்டர் தேவைப்பட்டார், பாருங்கள்.

ஏமாந்தது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. சாமர்த்தியசாலி என்று ஊருக்கே எழுதிவிட்டு ஏமாந்ததுதான்... யாரிடம் சொல்வது? எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

இந்த நிலைமையில்தான் அந்தச் சனிக்கிழமைச் சந்தை. நல்ல கார் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை சாணக்யபுரியில் ஒரு கெஸ்ட் ஹவுஸில், சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பத்திரிகைத் தோழியைப் பார்க்க வேண்டியிருந்தது. "எடுத்துட்டுப் போயேன், புது வண்டியைக் காட்டலாம்" என்றார் சேகர், பெருமையாக. மறுக்க ஒரு காரணம் கிடைக்கவில்லை. எடுத்துக்கொண்டு போனேன்.

நல்ல வெயில். வழியில் ஒரு மேம்பாலத்தின் உச்சியில் கார் ஒரு விக்கல் விக்கியது. எஞ்சின் நின்றது. ஏசி நின்றது. அதோடு நாலு கதவும் ஒரே நேரத்தில் 'டக்'கென்று பூட்டிக்கொண்டன.

சாவியைத் திருகினேன். ஒன்றுமில்லை. ஜன்னல் பட்டனை அழுத்தினேன். அத்தனை நாள் கேட்காமலே இறங்கிய ஜன்னல் அன்றைக்கு அசையவில்லை. கதவுக் கைப்பிடியை இழுத்தேன். கைப்பிடி வந்தது, கதவு வரவில்லை. பின்னாலிருந்து ஹார்ன்கள். இரண்டு பக்கமும் லாரிகள் உரசுகிற மாதிரி போயின. உள்ளே காற்று கனமாகிக்கொண்டே வந்தது. கண்ணாடியை உள்ளங்கையால் தட்டினேன். பிறகு குத்தினேன். கத்தினேன் - தமிழில்தான், என்ன கத்தினேன் என்று தெரியாது.

ஒரு டிராபிக் போலீஸ்காரர் ஓடிவந்து "காடி கோலோ மேடம், கோலோ!" என்று வெளியிலிருந்து கத்தினார். திறக்க முடிந்தால் திறக்க மாட்டேனா பையா, அண்ணா? அவர் ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்து, இடது பக்க முன்கதவைத் தோளால் இடித்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்து... ஒருவழியாக அது பிளந்து கொடுத்தது. கியரைத் தாண்டி, அடுத்த சீட்டில் விழுந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தேன். என்னால் வர முடிந்தது.

அந்தப் பெண்ணால் முடியுமா? அந்த வயிற்றோடு?

மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றேன். போலீஸ்காரர் தண்ணீர் பாட்டில் நீட்டினார். குடிப்பதற்கு முன்னால் போனை எடுத்தேன். நல்லவேளை, இம்ரான் சந்தையில் தன் நம்பரை என் போனில் பதித்துக் கொடுத்திருந்தார். ஷாஹினாதான் எடுத்தார்.

"ஆன்ட்டி! நாங்க கடையிலதான் இருக்கோம். மிட்டாய் டப்பா எல்லாம் ரெடி!"

"ஷாஹினா, நான் வர்ற வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கம்மா. பணம் கட்டாதீங்க."

"க்யோன் ஆன்ட்டி? என்னாச்சு?"

"வந்து சொல்றேன்."

காரை ஓரமாகத் தள்ளிவைக்க உதவி கேட்டு, தோழிக்கு ஒரு மெசேஜ் அனுப்பிவிட்டு, ஆட்டோ பிடித்தேன். வழி முழுக்க ஹிந்தியில் வாக்கியங்களைக் கோத்துக்கொண்டே போனேன். கடைக்குள் நுழைந்ததும் எல்லாம் அவிழ்ந்துவிட்டது.

ஏனென்றால், எதிர்ச் சுவரில் நான் இருந்தேன்.

சாவி வாங்கிய அன்று எடுத்த படம். கழுத்தில் மாலை, கையில் அட்டையில் செய்த ராட்சதச் சாவி, காது வரை சிரிப்பு. பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். பக்கத்திலேயே இன்னொரு ஃப்ரேமில் என்னுடைய கட்டுரை. ஒரு வரி தமிழ் படிக்கத் தெரியாத கடையில் என் தமிழ்க் கட்டுரை! நானேதான் பெருமையாக அதைப் படம் எடுத்து பண்ட்டிக்கு அனுப்பியிருந்தேன். உள்ளே போனதும் கன்ஃபர்ம் ஆனது என்று அவர்கள் சிரித்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது.

"ஆயியே, ஆயியே மேடம் ஜி!" பண்ட்டி கைகூப்பி ஓடிவந்தார். "பாருங்க சார், ரைட்டர் மேடமே வந்துட்டாங்க! இதுக்கு மேல என்ன கேரன்ட்டி வேணும்?"

இம்ரானும் ஷாஹினாவும் சோபாவில் இருந்தார்கள். மேஜையில் மிட்டாய் டப்பா, பேனா.

நான் தமிழில் சொன்னேன். "எனக்கு வித்த கார் தண்ணியில முழுகினது. வாங்கின கொஞ்ச நாள்லயே தெரிஞ்சுபோச்சு. வாரன்ட்டி தர மாட்டேன்னுட்டாங்க. இப்ப வர்ற வழியில நின்னுபோய், என்னை உள்ள வெச்சுப் பூட்டிக்கிச்சு."

இம்ரான் எழுந்து நின்றார். ஷாஹினா எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து கேட்டோமே ஆன்ட்டி. நல்ல கார்னு சொன்னீங்களே?"

நான் மேஜையிலிருந்த பேனாவைத் தள்ளிவைத்தேன்.

"ஏன் சொல்லல?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

"வெக்கமா இருந்துச்சும்மா" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பி மிட்டாய் டப்பாவைப் பார்த்தார். அந்த இரண்டு விநாடிகளை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

பிறகு பண்ட்டியிடம் ஹிந்தியில் ஆரம்பித்தேன். அவர் பதறவே இல்லை. தேன் கொஞ்சம்கூடக் குறையவில்லை. "மேடம் ஜி, தண்ணியா? என் தாய்மேல ஆணை, எனக்குத் தெரியாது. சரி, ஒண்ணு கேக்கறேன். வாங்கிட்டுப் போனதிலேர்ந்து ஒரு போன் பண்ணினீங்களா? ஒரு கம்ப்ளெயின்ட்? ஒரு மெசேஜ்? பாராட்டித்தானே அனுப்பினீங்க? நீங்க சந்தோஷமா இருக்கீங்கன்னுதானே நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன்!"

அந்த மனிதர் அன்று சொன்னதிலேயே இது ஒன்றுதான் நிஜம்.

நான் நேரே போய், இவர்களுக்காகத் துடைத்து நிறுத்தியிருந்த காரில் ஏறி, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். கோடு இல்லை. கறை இல்லை. புத்தம் புதுசு மாதிரி இருந்தது. பண்ட்டி சிரித்தார். "பாத்தீங்களா? ஏக்தம் மக்கன்!"

நல்ல வண்டியாகவே இருக்கலாம். பெல்ட்டையே மாற்றியும் இருக்கலாம். எனக்கெப்படித் தெரியும்? நான்தான் நிபுணர் இல்லையென்று நிரூபணமாகிவிட்டதே.

அப்போது இம்ரான் அமைதியாகக் கேட்டார். "பண்ட்டி பாய், இந்த வண்டி தண்ணியில நிக்கலைன்னு கடை லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுங்க. பின்னாடி அப்படித் தெரிஞ்சா திருப்பி எடுத்துக்கறேன்னும் எழுதுங்க. இப்பவே வாங்கிக்கறேன்."

"எழுதறதா? அதான் வாரன்ட்டி இருக்கே சார்!"

"அது வேற கம்பெனியோடது. நீங்க எழுதுங்க."

பண்ட்டி பேனாவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பாலிசி என்றார், சிஸ்டம் என்றார், முதலாளி ஊரில் இல்லை என்றார். எழுதவில்லை.

"அப்ப டோக்கனைத் திருப்பிக் குடுங்க."

டோக்கன் திரும்பாது, அதுவும் பாலிசி. இம்ரானின் குரல் உயர்ந்தது. பண்ட்டியின் தேன் முதன்முறையாக வற்றியது. அந்த நேரத்தில் ஒரு குடும்பம் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. சர்தார்ஜி ஒருவர், அவர் மனைவி, ஒரு மகள். வந்ததும் அந்த அம்மாள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "ஆமாம் பெஹன் ஜி, அது நான்தான்" என்றேன் ஹிந்தியில். "இங்கேதான் கார் வாங்கினேன். அது எப்படி ஓடுகிறதென்று கேளுங்கள், சொல்கிறேன். எனக்கு இன்றைக்கு வேறு வேலை இல்லை." சொல்லிவிட்டு, என் படத்துக்கு நேர் கீழே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

டோக்கன் ஜல்தியாகத் திரும்பி வந்தது. நாங்கள் வெளியேறும்போது ஒருவர் ஸ்டூல் போட்டு ஃப்ரேமைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

வெற்றி என்று நினைக்காதீர்கள். மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் மெட்ரோ வரை வந்தோம். இம்ரான் நன்றி சொன்னார். ஷாஹினா வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது மட்டும், "பரவால்ல ஆன்ட்டி, வந்து சொல்லிட்டீங்களே" என்றார். அந்தப் பரவாயில்லையில் எவ்வளவு பரவாயில்லை இருந்தது என்று எனக்குத் தெரியும். அவர் என்னை மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை.

வீட்டுக்கு வந்து சேகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெல்ட், புத்தகம், ஸ்ப்ரே, டாக்டர் நடக்கச் சொன்னது உட்பட.

"கார் போனா போகுது. எங்கிட்டகூடவா மறைப்பே?" என்றார். "அன்னிக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வரலாம்னு சொன்னேன்ல... அதைச் சொல்லிக் காட்டுவேன்னு பயந்தியா?"

"ஆமா."

"சொல்லிக் காட்டியிருப்பேன்தான்" என்றார். "ஒரு நாள். ரெண்டு நாள். அப்புறம் ரெண்டு பேருமாப் போய்ச் சண்டை போட்டிருப்போம்ல?"

அதற்குப் பிறகு ஒரு வேடிக்கை. விஷயம் சொசைட்டியில் பரவியது. நான் லிஃப்டில் தலைகுனிந்து நின்றால், கூட வருபவர் மெதுவாக என் காதருகே வருவார். மூன்றாவது மாடி ரிட்டயர்ட் பேங்க் ஆபீசர் தன் மகனுக்கு வாங்கிய எஸ்யூவியின் கிலோமீட்டர் கணக்கைக் குறைத்துத் திருப்பி வைத்திருந்தார்களாம். வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். எதிர் ஃபிளாட் பெண்மணி வாங்கிய காரின் முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி இன்னொரு வண்டி... வெல்டிங்! அவரும் வாயே திறக்கவில்லை. எங்கள் பேஸ்மென்ட்டில் நிற்கும் யானைகளில் எத்தனை யானைக்கு உள்ளே என்ன நோயோ! எல்லோரும் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் "நல்ல கார்" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

பண்ட்டிகள் விளம்பரத்துக்குச் செலவே செய்வதில்லை. அவர்களுக்காக நாம் சும்மா இருந்தே அந்த வேலையைச் செய்து கொடுக்கிறோம்.

அந்தக் கட்டுரையைப் படித்து ஆலோசனை கேட்டிருந்த வாசகர்களே, நான் போட்ட பதிலைத் தயவுசெய்து மறந்துவிடுங்கள். இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள், கடைக்காரர் முகம் சுளித்தாலும். பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், கால் வைக்கும் மேட்டைத் தூக்குங்கள், ஸ்டெப்னி டயரை எடுத்துவிட்டு அந்தக் குழியைத் தடவிப் பாருங்கள், ஏசியை நிறுத்திவிட்டு மோந்து பாருங்கள். கம்பெனி வாரன்ட்டி மிச்சமிருக்கிறது என்று சொன்னால் கம்பெனியின் சர்வீஸ் சென்டரிலேயே போய், அது உங்கள் பெயருக்கு மாறுமா என்று கேளுங்கள். கடை தருகிற வாரன்ட்டி என்றால் எதற்கு உண்டு என்று கேட்காதீர்கள், எதற்குக் கிடையாது என்று கேளுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஏமாறலாம். ஏமாந்தால் அன்றைக்கே சத்தம் போடுங்கள்.

என் காருக்கு வருகிறேன். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறேன். இத்தனை நாள் சும்மா இருந்ததே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம் என்கிறார், ஆனாலும் பார்க்கலாம் என்கிறார். அந்தக் காரில் இனி யாரையும் ஏற்றுவதாக இல்லை. உதிரி பாகங்களுக்கு எடுத்துக்கொள்பவர்கள் யாராவது வருவார்களா என்று, பழைய பொருள்கள் விற்கும் ஆப் ஒன்றில் விளம்பரம் போட்டேன். 'தண்ணீரில் மூழ்கிய கார். ஓட்டுவதற்கு அல்ல.'

நேற்று ஒரு போன் வந்தது. வேறு ஏதோ ஒரு பழைய கார்க் கடைக்காரர். குரலில் அதே தேன்.

"மேடம் ஜி, போட்டோவுல வண்டி பிரமாதமா இருக்கு. நல்ல விலைக்கு நான் தள்ளிவிட்டுத் தர்றேன். தண்ணீர்ங்கற அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துடுங்களேன்..."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் பையா, எனக்கு ஒரு கோடைக்காலமே ஆனது!